பினாங்கில் ஒரு பகல்: பஸ்ஸில் போனவர்களும் நடந்து போன நாங்களும்

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது அங்கே வேலையில் இருக்கிறது. ஆகவே அறுபதாம் கல்யாணம் முடித்த தம்பதிகளைச் சிங்கப்பூரில் கப்பலேற்றி விடுவது பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர்ப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. எங்களையும் அப்படித்தான் ஏற்றிவிட்டார்கள்: நாங்கள் இருவர், சம்பந்தி வீட்டார் இருவர். கப்பலின் அறை, நீச்சல் குளம், இரவு ஆட்டம் பாட்டம் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது கப்பல் மலேசியாவின் பினாங்குத் தீவில் நின்ற அந்த ஒரு பகலைப் பற்றி மட்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தீவின் ஊரான ஜார்ஜ் டவுனின் பழைய நகரத்தைப் பார்க்கக் கப்பலில் விற்கும் சுற்றுலா டிக்கெட் வேண்டியதில்லை. கப்பல் அணையும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஊருக்கு வெளியே எங்கோ இல்லை. வாசலைத் தாண்டினால் ஊர். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்த பழைய நகரம் நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. எல்லாத் துறைமுகத்துக்கும் இதையே சொல்ல மாட்டேன். அதே கப்பல்கள் போய் நிற்கும் போர்ட் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அங்கே பஸ் டிக்கெட் வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

கப்பலில் சுற்றுலா விற்கும் மேசையில் நம்மை ஒரு பயம் காட்டுவார்கள்: “தனியாகப் போய்த் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது.” அது உண்மைதான். அவர்கள் அழைத்துப் போகும் கூட்டம் தாமதமானால் கப்பல் நிற்கும். நாம் தாமதித்தால் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் இருவரும் அந்த ஒரு வாக்கியத்திலேயே விழுந்து, மலை ரயிலும் புத்தர் கோவிலும் சேர்ந்த பஸ் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். சம்பந்தியம்மாவுக்கு ஏசி பஸ் வாடை ஒத்துக்கொள்ளாது. எனக்கு ஒருவர் தூக்கிப் பிடிக்கும் கொடியைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவது ஒத்துக்கொள்ளாது. ஆகவே நாங்கள் இருவரும் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக இறங்கினோம். பஸ்காரர்களை முதலில் இறக்கிவிட்டுத்தான் எங்களை விட்டார்கள். அந்தக் காத்திருப்பையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் எதிரே ஒரு மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணியின் 1897 வைர விழாவுக்காகச் சீனச் செல்வர் ஒருவர் கட்டிக்கொடுத்தது. ஆட்சி செய்த ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரம். சற்றே சாய்ந்து நிற்கிறது. போர்க்காலத்தில் அருகே விழுந்த குண்டுகளால் என்கிறார்கள். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் திரும்பி வரும்போது வழி கேட்க இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

அதற்கடுத்து கார்ன்வாலிஸ் கோட்டை. டிக்கெட் வாங்கி உள்ளே போக வேண்டிய அவசியம் இல்லை. சுவரை ஒட்டி நடந்தாலே போதும். 1786இல் பிரான்சிஸ் லைட் என்ற கப்பல் தலைவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் இறங்கியது இந்த முனையில்தான். காடு வெட்ட ஆள் வராமல் போகவே, பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார், காசைத் தேடி வந்தவர்கள் புதரை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. தேங்காய் பறிக்க ஆள் தேடி அலையும் என் வீட்டுக்காரர் இதைக் கேட்டால் பீரங்கி என்ன விலை என்று விசாரிப்பார். கோட்டைக்குப் பெயர் கொடுத்த கார்ன்வாலிஸ் நமக்கும் தெரிந்தவர்தான். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் பக்கத்துப் பாராமகாலைக் கம்பெனிக்கு எழுதி வாங்கியவர் அவரே.

அங்கிருந்து உள்ளே திரும்பினால் ஒரே நேர் வீதியில் எல்லாச் சாமியும் இருக்கிறது. 1818இல் கட்டிய வெள்ளை மாதா கோவில் போன்ற ஆங்கிலேயர் தேவாலயம், பத்திப் புகை கண்ணைக் கரிக்கும் குவான் யின் கோவில், அதற்குப் பின் வீதியில் நம் மகாமாரியம்மன், கடைசியில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். மாரியம்மனை முதலில் பார்த்துவிடுங்கள். நம் ஊர் வழக்கப்படியே உச்சிக்கு நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள். கப்பல் பயணிக்கு மாலை கிடையாது. கோவில் 1833இல் எழுந்தது. குயின் வீதியில் கடைகளுக்கு நடுவே கோபுரம் திடீரென்று தலைக்கு மேல் நிற்கும். நான் மாசாணியம்மன் ஊர்க்காரி. நீதி கேட்டு மிளகாய் அரைத்துப் பூசும் அம்மனைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த அம்மன் மிகவும் சாந்தமாகத் தெரிந்தாள். பூக்கடைக்காரப் பெண் “எந்த ஊர் அக்கா?” என்று கேட்டார். ஆனைமலை என்றேன். “பழநிக்குப் பக்கமா?” என்றார். பினாங்கில் எங்கள் ஊருக்கு முகவரி பழநிதான்.

காலைச் சாப்பாட்டை அங்கேயே, லிட்டில் இந்தியாவில் முடித்துக்கொள்ளலாம். தோசையும் ஆற்றித் தரும் தேநீரும் குறையில்லை. வெள்ளிக்கிழமை என்பதால் சம்பந்தி கவிச்சி தொடவில்லை. ஆகவே தமிழ் முஸ்லிம்கள் முன்னொரு காலத்தில் காவடித் தண்டில் சுமந்து விற்ற நாசி கண்டார் என்ற குழம்புச் சோற்றை நான் மட்டும் பிறகு ஒரு கை பார்த்தேன். குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிக் கலந்துவிடுகிறார்கள். நமக்கு ரசம் தனி, குழம்பு தனி என்று பழகிய நாக்கு முதல் வாயில் திகைக்கும். மூன்றாம் வாயில் சமாதானமாகிவிடும்.

பள்ளிவாசலுக்குப் பெண்கள் போகத் தயங்க வேண்டாம். வெளியூரார் போர்த்திக்கொள்ள வாசலில் அங்கி தருகிறார்கள். தென்னிந்திய முஸ்லிம்களுக்குத் தலைவராக இருந்த காதர் மொய்தீன் 1801இல் கட்டுவித்தது. சூலியா வீதியில் நாகூர் ஆண்டவருக்கும் ஒரு சிறிய தர்கா இருக்கிறது. பெரியதில்லை, போகிற வழியில் நின்று பார்க்கலாம்.

இப்போது கூ கொங்சிக்கு வருகிறேன். இந்த ஊரில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் டிக்கெட் எடுப்பேன் என்றால் இதற்கு எடுங்கள். கொங்கு நாட்டு ஆளுக்கு இது இரட்டிப்பாகப் புரியும். நாம் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளும்போது என்ன கூட்டம், எந்தக் குலதெய்வம் என்று கேட்போம் அல்லவா? சீனத்தின் புஜியான் பக்கத்து ஒரே கிராமத்திலிருந்து வந்த கூ என்ற பரம்பரைப் பெயர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கட்டிக்கொண்ட குலக்கோவில் இது. ஒரே பெயர்க்காரர்கள் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை என்ற பழைய வழக்கமும் அவர்களுக்கு உண்டு. நாங்கள் இருவரும் அதைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

குறுகிய சந்து ஒன்றில் நுழைந்து போனால் உள்ளே கருங்கல் பாவிய பெரிய முற்றம். ஒரு பக்கம் குலக்கோவில், எதிரே கூத்து மேடை. சாமி பார்ப்பதற்காகத்தான் கூத்து என்பதால் மேடை சாமியைப் பார்த்து நிற்கிறது. 1851இல் முதலில் கட்டியது. பிறகு இன்னும் பெரிதாக எழுப்பி, முடித்த கையோடு 1901இல் எரிந்து போனது. அரசரின் மாளிகைக்கு ஈடாகக் கட்டியதால் வந்த தெய்வ குற்றம் என்று நம்பி, 1906இல் கொஞ்சம் அடக்கமாகத் திரும்பக் கட்டினார்களாம். அடக்கமாகக் கட்டியதே இப்படி என்றால் எரிந்து போனது எப்படி இருந்திருக்கும்? கூரை முகட்டில் ஓர் அங்குலம் விடாமல் உடைந்த பீங்கான் துண்டுகளை ஒட்டிச் செய்த பறவைகளும் மனிதர்களும் இருக்கிறார்கள். தூணில் செதுக்கிய டிராகனின் மீசை கல்லை விட்டு விலகித் தனியே நிற்கிறது. அதற்கும் பின்னால் உளியை விட்டுக் குடைந்திருக்கிறார்கள்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது உள்ளே சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் பொன்னெழுத்துப் பலகைகள். குலத்தில் யார் வக்கீலானார், யார் மருத்துவரானார், யார் பட்டம் வாங்கினார் என்று பெயர் போட்டு முன்னோர்களுக்கு எதிரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். நம் கோவில்களில் டியூப் லைட்டில் கூட உபயதாரர் பெயர் எழுதி வெளிச்சத்தைப் பாதியாக்குகிறோம். படித்தவன் பெயரை எழுதலாம் என்று நமக்குத் தோன்றவில்லை. “நம் குலக்கோவிலுக்குச் சொல்லிப் பார்க்கலாமுங்க சம்பந்தி” என்றேன். “சொன்னால் பலகைக்கு உபயம் யார் என்றுதான் கேட்பார்கள்” என்றார் அவர்.

ஆர்மீனியன் வீதியில் சுவரோவியங்கள் இருக்கின்றன. லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஜகாரெவிச் 2012இல் வரைந்த, நிஜ சைக்கிளைச் சுவரில் பொருத்தி அதன் மேல் இரு குழந்தைகளை வரைந்த படம் மிகவும் பெயர் பெற்றது. படம் நன்றாகத்தான் இருக்கிறது. அதனோடு நின்று போட்டோ எடுக்க வெயிலில் நிற்கும் வரிசைதான் நன்றாக இல்லை. கடந்து போய்விடுங்கள்.

கடற்கரைச் சாலையைத் தாண்டினால் குலத் துறைகள். கடலுக்குள் மரக்கால் நட்டு, பலகை பாவி, இருபுறமும் வீடு. லிம், டான், லீ, சியூ என்று ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு பரம்பரைப் பெயருக்கு. சியூ துறை பெரியது. முன்பாதி முழுக்க நினைவுப் பொருள் கடைகள். கடைசிவரை நடந்தால் கடலும் ஒரு சாமியும் இருக்கிறார்கள். வீட்டு வாசலில் கோழிக்குத் தீவனம் போடுகிறவரைப் போட்டோ எடுக்க அனுமதி கேட்கும் வழக்கம் நம் ஆட்களிடம் இல்லை. கேளுங்கள், அது அவர் வீடு.

அங்கிருந்து பக்கத்திலேயே படகுத் துறைக்கு எதிரே பஸ் நிலையம். ஊர் மையத்தைச் சுற்றி வரும் பஸ் ஒன்று இலவசம். டிக்கெட்டே இல்லை என்பதைச் சம்பந்தி நம்பாமல் கையில் சில்லறையோடு கடைசி வரை உட்கார்ந்திருந்தார். கொம்தார் கோபுரத்தடியில் இறங்கினால் சௌராஸ்தா சந்தைக்கு நடந்துவிடலாம்.

இந்தச் சந்தைக்காகவே நான் இன்னொரு முறை போவேன். எங்கள் தோட்டத்தில் தென்னைக்கு ஊடுபயிராக ஜாதிக்காய் நிற்கிறது. ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கத்தில் பலரும் வைத்திருக்கிறார்கள். தென்னை நிழல் அதற்குப் பிடிக்கும். பழம் வெடித்ததும் கொட்டையை எடுப்போம், அதன் மேல் சிவப்பு வலையாகச் சுற்றியிருக்கும் பத்திரியை நுனி உடையாமல் உரித்துச் சாளை வாசலில் காயவைப்போம். மேலே உள்ள கெட்டிச் சதையை மரத்தடியில் தள்ளிவிடுவோம். கொட்டைக்கும் பத்திரிக்கும்தான் விலை.

சௌராஸ்தாவில் அந்தச் சதைதான் கடை நிறைய இருக்கிறது. மெல்லிய கீற்றுகளாகச் சீவிச் சர்க்கரையில் உலர்த்தியது, உப்பும் மிளகாயும் சேர்த்து ஊறவைத்தது, பூ மாதிரிக் கீறிப் பாகில் போட்டது என்று கண்ணாடி ஜாடி ஜாடியாக. பிழிந்து பனிக்கட்டி போட்டுச் சாறாகவும் தருகிறார்கள். முதலில் நாக்கில் புளிப்பு; அது இறங்கிய பிறகு தொண்டையில் காய்ந்த பத்திரியின் மணம் எழுகிறது. கடைக்காரர் குச்சியால் ஒரு கீற்றை எடுத்துக் கொடுத்தார். சம்பந்தி வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். “ஏனுங்க, வருஷா வருஷம் இதையா நீங்கள் குழி தோண்டிப் புதைக்கிறீர்கள்?” என்றார். சம்பந்தி வீட்டில் இருந்து வந்த கேள்வி என்பதால் பதில் சொல்லாமல் இரண்டு பொட்டலம் வாங்கினேன். கொச்சியிலும் கேரளத்து மலைப்பக்கத்திலும் சதையில் ஊறுகாய் போடுவார்கள் என்று தெரியும். ஒரு சந்தையே அதை நம்பி இருப்பதை இங்கேதான் பார்த்தேன்.

இந்த மரம் இந்தத் தீவுக்கும் சொந்தமில்லை. 1796க்குப் பிறகு, இன்றைய இந்தோனேசியாவில் உள்ள மலுக்குத் தீவுகளை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனி, கன்றுகளை அங்கிருந்து கொண்டுவந்து இங்கே நட்டது. கொஞ்ச காலம் கொழித்தது. 1860களில் நோய் விழுந்து தோட்டங்கள் அழிந்தன. இப்போது இருப்பவை தீவின் மறுபக்கத்தில் பாலிக் புலாவ் மலைச்சரிவில். ஒரு பகலில் அங்கே போய் வர ஆசைப்படாதீர்கள். எங்கள் தென்னையை வாடல் நோய் மேற்கிலிருந்து தின்றுகொண்டு வருகிற காலத்தில் இந்தப் பழைய கணக்கைப் படிப்பது சுகமாக இல்லை.

சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் செண்டோல் விற்கிறார்கள். பச்சை நிறச் சேமியா, வேகவைத்த பயறு, சீவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், மேலே பாகு. தென்னை விவசாயியாக ஒரு வார்த்தை: பால் முதல் பால்தான், தண்ணீர் கலக்கவில்லை. பாகு தென்னம்பாளைப் பதநீரில் காய்ச்சிய வெல்லம். எங்கள் பக்கத்திலும் நீரா இறக்க அனுமதி வந்த பிறகு தென்னஞ்சர்க்கரை செய்கிறார்கள். ஆனால் அதைச் சர்க்கரை நோயாளிக்கு மருந்து என்று சொல்லி விற்கிறோமே ஒழிய, இப்படி ருசிக்காகத் தின்னக் கொடுப்பதில்லை.

தண்ணீர்மலை முருகனைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஊரில் என்னைச் சும்மா விட மாட்டார்கள். ஊர் மையத்திலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். தைப்பூசத்துக்கு 1894இல் செய்த வெள்ளித் தேர் பினாங்கு வீதிச் செட்டியார் கோவில் வீட்டிலிருந்து அங்கேதான் போகிறது. மலைக்கு 513 படி. காவடி எடுத்துப் பழநிக்கு நடக்கிறவர்களுக்கு அது ஒன்றுமில்லை. சம்பந்திக்கு முழங்கால் தேய்மானம். அடிவாரத்தில் கும்பிட்டுத் திரும்ப அவ்வளவு தூரம் போவதை விட, மாரியம்மன் கோவிலிலேயே முருகனையும் நினைத்துக்கொண்டோம். கால் நன்றாக இருந்தால் காலையில் முதல் வேலையாகத் தண்ணீர்மலைக்குப் போய்விட்டு, வெயில் ஏறும்போது பழைய நகரத்து அஞ்சடி நிழலுக்கு வந்துவிடுங்கள். கடைகளின் முகப்பில் கூரையோடு ஓடும் அந்த நடைபாதைதான் மதியத்தில் உயிர் காக்கும். ஆனால் தொடர்ச்சியாக இருக்காது. மோட்டார் சைக்கிளை நிறுத்தியோ சரக்கை அடுக்கியோ ஓரிரு கடைக்கு ஒருமுறை நம்மைத் தெருவுக்கு இறக்கிவிடுவார்கள். முழங்கால் வலிக்காரர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் போனவர்கள் கதை: மலை ரயிலுக்கு வெகுநேரம் வரிசை, மேலே மேகம், கீழே வந்ததும் ஒரு கடையில் இறக்கிவிட்டு எல்லோரும் வாங்கி முடிக்கும் வரை காத்திருப்பு. கெக் லோக் சி புத்தர் கோவில் மட்டும் நன்றாக இருந்ததாம். அதை நான் நம்புகிறேன், போட்டோவிலேயே பெரியதாக இருந்தது. பழைய நகரத்தை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். அதே சமயம் அவர்கள் வேர்க்கவில்லை, கழிப்பறை தேடவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை. நடக்க முடியாதவர்கள், தனியே போனால் பதறுகிறவர்கள் பஸ்ஸிலேயே போகட்டும். அதில் தப்பில்லை.

தனியாகப் போகிறவர்களுக்குச் சில விவரங்கள். சிங்கப்பூருக்குத் திரும்பி வர வேண்டும் என்பதால் அந்த விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். இதைக் கப்பல் ஏறும் முன்பே பாருங்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா கேட்பதில்லை. ஆனால் இது கால வரம்புள்ள சலுகை, டிஜிட்டல் வருகை அட்டையும் உண்டு, ஆகவே கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஒரே நேரம்தான். அதே கப்பல் பூக்கெட் போனால் அங்கே ஒரு மணி நேரம் பின்னால்; கைபேசி தானே மாறிக்கொள்ளும், கப்பல் மாறாமலும் இருக்கலாம். கையில் கட்டிய கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் விட்டுவிடுங்கள். ஏற வேண்டிய கடைசி நேரம் என்று அவர்கள் சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மணிக்கூண்டடியில் நிற்பது என் கணக்கு. மதியத்தில் மழை வந்தால் வாடகைக் கார் சீக்கிரம் கிடைக்காது என்பதையும் அந்த ஒரு மணி நேரம் தாங்கும். மலேசியப் பணமான ரிங்கிட்டைக் கொஞ்சமாக மாற்றினால் போதும். சந்தைக்கும் சாப்பாட்டுக்கும்தான் ரொக்கம் வேண்டும்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. சந்தையில் நல்ல ஜாதிக்காயைப் பார்த்ததும் முளைக்கப் போட விதை கொண்டு போகக் கை துறுதுறுக்கும். இறக்குமதி அனுமதி இல்லாமல் விதையோ கன்றோ இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. நோய் எப்படி ஊர் மாறுகிறது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சர்க்கரையில் உலர்த்தியதை, கடையில் ஒட்டிய பொட்டலமாகவே வாங்குங்கள். சதைக்கு எது பக்குவம், எத்தனை நாள் காய வேண்டும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஓய்வாக இருந்தால் சொல்கிறார். எங்களுக்குச் சொன்னார்: பழம் வெடிப்பதற்கு முன்பே பறிக்க வேண்டுமாம்.